ஒரு மணி நேரம் முன்னால்

பெலிண்டாவின் கைக்கடிகாரம் தப்பாது என்பது அந்தக் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். மெல்போர்னில் பதினாறு வருடமாக டிராம் ஓட்டுகிறவள். நிறுத்தத்துக்கு முன்னால் போனாலும் குற்றம், பின்னால் போனாலும் குற்றம் என்று பழகிப்போன மணிக்கட்டு. போனை எடுத்து மணி பார்ப்பவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

அந்தக் கடிகாரம்தான் இந்தச் சனிக்கிழமை அவளைக் கவிழ்த்தது.

"கிளம்புங்க, கிளம்புங்க. பத்து மணிக்கு வாடகை வீட்டப் பாக்கத் திறந்து விடுவாங்க. கால் மணி நேரந்தான் திறந்திருக்கும். லேட்டாப் போனா கூட்டத்தோட முதுகத்தான் பாக்க முடியும்."

மோட்டல் அறை வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஷேன் ஒரு கையில் வெஜிமைட் தடவிய டோஸ்டும் இன்னொரு கையில் ஒற்றைச் செருப்புமாக வந்தான்.

"இன்னொரு செருப்பு எங்க?"

"அது நேத்தே களைச்சுப் போயிடுச்சு. எத்தன ஏரியாதான் அதுவும் பாக்கும்?"

"ஷேன், காலங்காத்தால வேண்டாம்."

பிரையனி ஒன்றும் பேசாமல் காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்து காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். பதிமூன்று வயது. இந்த மூன்று வாரமாக அவள் வாயிலிருந்து வந்த மொத்த வார்த்தைகளை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம்.

பெலிண்டாவின் நிம்மதியைக் கெடுத்தது அந்த மௌனம்தான். மூன்று வாரம் முன்னால் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கோல்டு கோஸ்ட்டில் டிராம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அவளைத் தேடி வந்தது. விடிகாலை ஷிப்ட் கிடையாது, குடித்துவிட்டு ஏறும் பயணிகள் கிடையாது, மகளோடு உட்கார்ந்து சாப்பிட மாலை நேரம் உண்டு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஷேனுக்குப் பிரச்சினை இல்லை. வீடுகளுக்கு உள்சுவர்ப் பலகை அடித்துப் பூசுகிற வேலை அவனுடையது. "எந்த மாநிலத்துக்குப் போனாலும் சுவர் இருக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

பிரச்சினை பிரையனி. அவள் பெலிண்டாவின் முதல் கணவன் கிரெய்க்கின் மகள். ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று வளர்கிறவள். மாநிலம் தாண்டிக் கூட்டிக்கொண்டு போவதென்றால் கிரெய்க் சம்மதிக்க வேண்டும். அவன் கத்தவில்லை, சண்டை போடவில்லை. "அவ வர்றேன்னு சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். வரலேன்னு சொன்னா என் கையெழுத்தக் கேக்காதே" என்று மட்டும் சொன்னான். நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிற முன்னாள் கணவனிடம் கோபப்படக்கூட வழியில்லாமல் பெலிண்டா தவித்தாள்.

மகள் வரவில்லை என்றால் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். அது ஷேனுக்கு மட்டும்தான் தெரியும். பிரையனிக்குத் தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஒரு குழந்தையின் தலையில் அந்தப் பாரத்தை வைப்பாளா ஒரு தாய்?

ஆக, வீடு பார்க்கிற சாக்கில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது மகளின் முகத்தை.

வெள்ளிக்கிழமை பார்த்த இரண்டு இடமும் உருப்படவில்லை. முதலாவது, புதிதாகப் பிரித்த மனைகள். எல்லா வீட்டுக்கும் ஒரே சாம்பல் கூரை, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. "நம்ம வீடு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று பிரையனி கேட்டதுதான் அன்றைக்கு அவள் பேசிய ஒரே வாக்கியம். இரண்டாவது, கடற்கரைக் கட்டடத்தின் பதினெட்டாவது மாடி. பள்ளி முடித்த பிள்ளைகள் ஊர் முழுக்க ஆட்டம் போடுகிற நவம்பர் வாரம் வேறு. பக்கத்து பால்கனியிலிருந்து ஒருவன் கீழே நீச்சல்குளத்தை நோக்கித் தலையணையை எறிந்துகொண்டிருந்தான்.

அந்தப் பிள்ளைகள் அறைகளை எல்லாம் நிரப்பிவிட்டதால்தான் இவர்களுக்கு எல்லைக்குத் தெற்கே, அடுத்த மாநிலத்தில் மோட்டல் கிடைத்தது. பாலம் தாண்டினால் குயின்ஸ்லாந்து. ஐந்து நிமிடம் கூட ஆகாது. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

*

கொரெல்லா கிரீக் தெருவில் ஈ காக்கை இல்லை. ஏஜென்ட்டின் பலகை இல்லை, கார் வரிசை இல்லை. ஜக்கரண்டா மரத்தடியில் ஊதாப் பூ கொட்டிக் கிடந்தது. நீண்ட மூக்கு ஐபிஸ் பறவை ஒன்று யாருடைய குப்பைத்தொட்டியையோ குடைந்துகொண்டிருந்தது.

வீடு அழகாக இருந்தது. உயரமான மரத்தூண்கள் மேல் முழு வீடும் நிற்க, கீழ்ப்பகுதியைச் சுவர் வைத்து மூடி ஓர் அறை எடுத்திருந்தார்கள். அந்த அறைக்குத் தனி வாசல். பெலிண்டா இணையத்தில் நூறு வீடு புரட்டி இதைப் பிடித்ததே அந்தத் தனி வாசலுக்காகத்தான்.

"ஏஜென்ட் லேட்" என்றாள். நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "பத்தாகப் போகுது. ஒருத்தரக் காணோம். ஒருவேளை வீடு போயிடுச்சோ?"

எதிர்வீட்டில் ஒரு பெண்மணி ரப்பர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தாட்டியான உடம்பு, முகவாயில் பச்சை குத்திய கோடுகள். நியூசிலாந்துப் பூர்வகுடியான மாவோரிப் பெண்.

"வீடு பாக்கவா வந்தீங்க?" என்றாள். "பத்துக்குத்தானே? இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கே."

பெலிண்டா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். "இப்பவே பத்தாகப் போகுதே."

"பாலத்துக்கு அந்தப் பக்கமா தங்கியிருக்கீங்க?"

"ஆமா."

அந்தப் பெண்மணி குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அங்க கோடைக்குக் கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெப்பாங்கம்மா. நாங்க தொடவே மாட்டோம். தெற்கேருந்து வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு தடவயாவது இப்படி வந்து தெருவுல நிப்பாங்க."

ஷேன் தன் போனை எடுத்துப் பார்த்தான். அது பாலம் தாண்டும்போதே சமர்த்தாக மணியை மாற்றிக்கொண்டிருந்தது. பெலிண்டாவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"சிரிச்சே, செத்தே" என்றாள்.

"நான் எங்க சிரிச்சேன்? ரெண்டு வருஷமா காத்திருந்தேன், அவ்வளவுதான்."

சும்மா உட்காருகிற ஜாதி இல்லை பெலிண்டா. ஒரு மணி நேரம் கிடைத்தால் அதற்கும் ஓர் ஓட்டம் வேண்டும். "நான் ஸ்கூல் வரைக்கும் நடந்து பாத்துட்டு வரேன். எத்தன ரோடு தாண்டணும், வழியில நிழல் இருக்கா, எல்லாம் பாக்கணும். நீங்க இங்கயே இருங்க" என்று கைப்பையை மாட்டிக்கொண்டு போயேவிட்டாள். அவள் போன வேகத்தில் ஐபிஸ் பறந்தது.

*

எதிர்வீட்டுப் பெண்மணியின் பெயர் மெரியானா. அவள் கொடுத்த காபியோடு ஷேன் வேலி ஓரம் நின்றான்.

அவளுடைய மகள் தியா படியிறங்கி வந்தாள். பிரையனி வயதுதான். அக்குளில் ஒரு நீள்உருண்டைப் பந்து. கார் ஜன்னலைத் தட்டினாள்.

"பந்து ஆடுவியா?"

பிரையனி கண்ணாடியை இறக்கினாள். "எங்க ஊர்ல காலால உதைப்போம்."

"இங்க கையால எறிவோம். இறங்கு."

ஷேன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். பிரையனி இயர்போனைக் கழற்றினாள். இறங்கினாள். முதல் பந்தைப் பிடிக்கத் தெரியாமல் மெரியானாவின் செடிமேல் விட்டாள். இரண்டாவதை உதைத்துக் கூரைமேல் ஏற்றினாள். அதை எடுக்க ஏணி தேடி இரண்டு பேரும் ஓடினார்கள். அவள் ஓடி அவன் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று.

"உங்க பொண்ணா?" என்றாள் மெரியானா.

"பெலிண்டாவோட பொண்ணு. நான் அப்புறமா வந்து சேந்தவன்."

"வந்து சேந்தவங்கதான் குழாய் ரிப்பேர் பாப்பாங்க. எனக்குத் தெரியும்."

ஷேன் சிரித்தான். பிறகு சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டான். "தெரு எப்படிங்க? குழந்தைங்களுக்கு நல்ல இடமா?"

"இதவிட நல்ல இடம் கிடையாது" என்றாள் மெரியானா. கொஞ்சம் நிறுத்தி, "தண்ணி வரும். அதச் சொன்னாங்களா?" என்றாள்.

"என்ன தண்ணி?"

"பின்னால ஓடுது பாருங்க ஓடை, அது. பெருமழை பிடிச்சா தெருவுக்குள்ள வந்துடும். கீழ் அறை எல்லாம் முழுகும். மேல வந்ததே இல்ல. எங்க வீட்லயும் கீழ ஒண்ணும் வெக்க மாட்டோம். சைக்கிளும் துணி தொவைக்கிற மெஷினும்தான்."

ஷேன் எதிரே இருந்த வீட்டைப் பார்த்தான். கீழ் அறையின் வெளுத்த புதுச் சுவரைப் பார்த்தான். காபிக் கோப்பையை வேலிமேல் வைத்தான்.

அதற்குள் தியா தெருமுனை மின்கம்பத்துக்குப் பிரையனியை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். கம்பத்தில் பெயின்ட்டால் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளம் நின்ற உயரம்.

"இந்தத் தெருப் பசங்க எல்லாரும் இதுலதான் உயரம் பாப்போம்" என்றாள் தியா. "இந்தக் கோடு நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்போ வந்தது. அப்ப என் தலைக்கு மேல. இப்பப் பாரு, நெஞ்சுக்குத்தான் இருக்கு. நான் ஜெயிச்சுட்டேன். நீ நில்லு."

பிரையனி முதுகைக் கம்பத்தில் ஒட்டி நின்றாள். கோடு அவளுக்கும் நெஞ்சில்தான் வந்தது.

"பயமா இருக்காதா?"

"மழ வலுத்தா எல்லாரும் எல்லார் வீட்டுச் சாமானையும் மேல ஏத்துவோம். அப்புறம் எங்க வீட்டு மாடில மொத்தத் தெருவும் படுத்துக்கும். போன தடவ பன்னெண்டு பேர், மூணு நாய். எங்கம்மா பெரிய பாத்திரத்துல சூப் வெப்பாங்க." தியா பந்தைச் சுழற்றினாள். "உங்கப்பாவும் இங்க வரப்போறாரா?"

"அவர் இல்ல. அது ஷேன். எங்கப்பா மெல்போர்ன்ல."

"எங்கப்பா நியூசிலாந்துல. லீவு விட்டா போயிடுவேன். ரெண்டு வீட்லயும் எனக்குப் பல் தேய்க்கிற பிரஷ் இருக்கு. பைல வெச்சு எடுத்துட்டுப் போனாத்தான் விருந்தாளி மாதிரி இருக்கும். அதனால ரெண்டு வாங்கிட்டேன்."

அந்தப் பேச்சு பிரையனிக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வந்தவள் ஷேனின் பக்கத்தில் நின்றாள். அவனிடம் அவளாக வந்து நிற்பது வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற விஷயம்.

"ஷேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"எதை?"

"கம்பத்துல இருக்கறத. உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு. உங்க மூஞ்சியே சொல்லுது."

"ஏன் சொல்லக்கூடாது?"

"சொன்னா இந்த வீடு வேணாம்னுடுவாங்க."

ஷேன் அவளை உற்றுப் பார்த்தான். "உனக்கு வீடு பிடிச்சிருக்கா? இன்னும் உள்ளயே போகலயே."

தோளைக் குலுக்கினாள். அந்தக் குலுக்கலில் ஆமாம் இருந்தது. மூன்று வாரமாக பெலிண்டா ஏங்கிக்கொண்டிருந்த ஆமாம், தவறான ஆளிடம் வந்து சேர்ந்திருந்தது.

"யோசிக்கறேன்" என்றான் ஷேன்.

*

பெலிண்டா வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரே ஒரு ரோடு தாண்டினா போதும், ஷேன். வழி பூரா மரம். இந்தத் தெருவுல குடியிருந்தா அந்த ஸ்கூல்ல எடுத்தே ஆகணுமாம், ஸ்கூலோட எல்லைக்கோட்டுக்கு உள்ள வருது. டிராம் டிப்போவுக்கு ஒரே பஸ். போதுமே."

பத்து மணிக்கு, நிஜமான பத்து மணிக்கு, ஏஜென்ட் வந்தான். பேண்ட்டுக்குக் கீழே சாக்ஸ் போடாத கணுக்காலும் கையில் டேப்லெட்டுமாக ஒரு வாலிபன். பின்னாலேயே இருபது குடும்பம். எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். யாரோ ஓர் அம்மா அடுப்பைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒருவர் குழாயைத் திறந்து திறந்து மூடினார்.

மாடியை அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பெலிண்டா இருவரையும் கீழ் அறைக்குக் கூட்டிப்போனாள். தனிக் கதவைத் தானே திறந்து, பிறந்தநாள் கேக்கைக் காட்டுகிறவள்போல ஒதுங்கி நின்றாள்.

"பாரு. உனக்குன்னு தனி வாசல். தனி பாத்ரூம். ஜன்னலத் திறந்தா ஓடை. யாரும் தட்டாம உள்ள வரமாட்டோம், நானும் சேத்துத்தான்."

பிரையனி நடு அறையில் நின்றாள். "வீடு நல்லா இருக்கும்மா" என்றாள்.

மூணே வார்த்தை. பெலிண்டா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

ஷேனின் உள்ளங்கை சுவரில் இருந்தது. நெஞ்சுயரத்தில் ஒரு மெல்லிய மேடு கையில் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே எல்லாம் புதுப் பலகை. ஊறிப்போனதை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். இந்த உயரத்துக்குக் கீழேதான் கட்டில் போடுவார்கள், தலையணை வைப்பார்கள். அவன் பெற்ற பிள்ளை இல்லைதான். அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதுவும் மரியாதையாக, அந்நியரைக் கூப்பிடுகிற மாதிரி. முதன்முதலாக அவனை நம்பி ஒன்று கேட்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினால் பெலிண்டாவுக்கு வேலை, குடும்பத்துக்கு வீடு, எல்லாம் நடக்கும்.

ஆனால் தண்ணீர் வருகிற அறையில் அவளைப் படுக்க வைத்துவிட்டு அவன் மாடியில் எப்படித் தூங்குவான்?

"பெல், கொஞ்சம் வெளிய வா" என்றான்.

*

தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். பெலிண்டா மின்கம்பம் வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"வேணாம். இந்த வீடு வேணாம். கார எடு."

பிரையனி பின்னாலேயே வந்திருந்தாள். ஷேனைப் பார்த்த பார்வையில் அவன் பொசுங்கினான். "சொல்லமாட்டேன்னீங்க."

"யோசிக்கறேன்னு சொன்னேன். யோசிச்சேன். சொல்லிட்டேன். என்மேல கோவப்படு, பரவாயில்ல."

"அவன் மேல ஏன் பாயற?" என்றாள் பெலிண்டா. "உனக்கும் தெரியுமா? தெரிஞ்சுமா நல்லா இருக்குன்னே? போய் அந்தக் கம்பத்துக் கோட்டுகிட்ட நில்லு."

"ஏற்கெனவே நின்னு பாத்தாச்சு."

"பாத்தியா? நெஞ்சு வரைக்கும் தண்ணி. அதுல உன்னப் படுக்க வெப்பேனா நான்? தனிக் கதவுக்காகத்தான் இந்த வீட்டயே பிடிச்சேன். இனிமே வேற எங்க போய்த் தேடுவேன்? திங்கக்கிழமை..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தனிக் கதவு யார் கேட்டா?"

"நீதான் கேட்டே. வீடு அதிர்ற மாதிரி கத்தினியே. எனக்குன்னு ஒரு கதவு வேணும், உங்க ரெண்டு பேர் மூஞ்சிலயும் முழிக்காம போயிட்டு வரணும்னு."

"அது ஷேன் நம்ம வீட்டுக்கு வந்த புதுசுலம்மா." பிரையனியின் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷம் ஆச்சு. நான் அப்புறம் ஒரு தடவகூடக் கேக்கல. நீதான் இன்னும் அதையே தேடிட்டிருக்கே. நேத்துப் பாத்த ரெண்டு வீட்லயும் என்ன முதல்ல எங்க கூட்டிட்டுப் போனே? எல்லாரையும் விட்டு எவ்வளவு தள்ளி என் ரூம் இருக்குன்னு காட்டினே. நீங்க ரெண்டு பேரும் ஒரு வீடு எடுத்துக்கறீங்க, எனக்குப் பக்கத்துல ஒரு வாடகை ரூம். அப்படித்தான் எனக்குத் தோணிச்சு. அதுக்கு நான் அப்பாகூடவே இருந்துடலாமேன்னு..."

முடிக்கவில்லை. பெலிண்டாவுக்கு நடுத்தெருவில் யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. மகள் கேட்டதைத்தான் கொடுக்கிறோம் என்று நூறு வீடு புரட்டினாளே. மகளோ தன்னைத் தள்ளிவைப்பதாக எண்ணி மூன்று வாரம் ஊமையாக இருந்திருக்கிறாள்.

"அட, என் கண்ணு" என்றாள்.

"மாடில உன் ரூமுக்குப் பக்கத்துல ஒரு குட்டி ரூம் இருக்கு. இஸ்திரி போடற டேபிள் போட்டிருந்தாங்களே, அது. எனக்கு அது போதும். கீழ சைக்கிள நிறுத்திக்கலாம். தண்ணி வந்தா எல்லாரும் மேல ஒண்ணாதானே இருக்கணும்?"

வேலிக்கு அந்தப் பக்கம் மெரியானா ஒரே செடிக்கு ரொம்ப நேரமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். செடி மிதந்தது.

பெலிண்டா மூக்கை உறிஞ்சிவிட்டு அவளிடம் போனாள். விபத்து நடந்த இடத்தில் விசாரிக்கிற அதிகாரி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். தண்ணீர் திடீரென்று வருமா? மாடிப்படி தாங்குமா? கரண்ட் என்ன ஆகும்? பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கும்போது வந்தால்?

மெரியானா பொறுமையாகச் சொன்னாள். "மழ பெய்ய ஆரம்பிச்சாலே ஓடை சொல்லிடும்மா. மெதுவாத்தான் ஏறும். கார மேட்டுல கொண்டுபோய் விட நேரமிருக்கும். ஸ்கூல் மேட்டுலதான் இருக்கு. நீங்க மறந்தாலும் நாங்க கதவத் தட்டிடுவோம். இங்க யாரும் யாரையும் மறந்துட்டு மேல ஏறினது கிடையாது."

"ஒரு வருஷந்தானே வாடகை" என்றான் ஷேன் மெல்ல. "சரிப்படலேன்னா நாமளே மேட்டுக்குப் போயிடலாம். அதுக்குள்ள எனக்கு இந்தத் தெரு பூரா சுவர் வேலை கிடைச்சிடும்."

பிரையனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இன்னும் உங்கமேல கோவம் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

*

கடற்கரை பெஞ்சில் மீனும் சிப்ஸும் காகிதத்தோடு விரித்து வைத்திருந்தார்கள். சீகல் பறவைகள் சுற்றிலும் முறைவைத்துக் காத்திருந்தன. பெலிண்டா போனில் வீட்டுக்கான விண்ணப்பத்தை நிரப்பி முடித்து, கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தாள்.

"அனுப்பட்டுமா?"

"அனுப்பு" என்றான் ஷேன்.

"உன்னக் கேக்கல."

பிரையனி அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துத் தானே அழுத்தினாள். "நான் வரேம்மா" என்றாள். "தியா மாதிரி லீவுக்கு லீவு அப்பாகிட்டப் போவேன். ரெண்டு பிரஷ் வாங்கணும்."

பெலிண்டா மகளின் தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சந்தில் ஒரு சீகல் மீன் துண்டைத் தூக்கிக்கொண்டு போனது. ஷேன் அதைத் திட்டக்கூட இல்லை. வேறெங்கோ பார்த்தபடி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு பெலிண்டா கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினாள். "இனிமே இந்த ஊர் மணிதான் நமக்கு" என்றாள். பதினாறு வருடத்தில் அவள் மணி தப்பு என்று ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை.

அப்போதுதான் பிரையனியின் போன் முனகியது.

எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"யாரு?" என்றாள் பெலிண்டா.

பிரையனி போனை நீட்டினாள். ஒரு போட்டோ. கிரெய்க்கின் வீட்டுப் பின்னறை. அவன் ஆசை ஆசையாகப் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து மாட்டுகிற இடம். எந்த உறவினர் வந்தாலும் காலி பண்ணித்தர மாட்டேன் என்று அவன் அடம்பிடித்த அறை. இப்போது ஒரு ஸ்பேனர்கூட இல்லை. நாலு சுவரும் இளம்பச்சை. பிரையனிக்குப் பிடித்த நிறம். மூலையில் பெயின்ட் டப்பாவும், கண்ணாடி ஜன்னலில் போட்டோ எடுக்கிற கிரெய்க்கின் பிம்பமும். மூக்கில் பச்சைப் பெயின்ட்.

"பிரை, இது என்ன?"

"நேத்து அந்தப் பதினெட்டாவது மாடி ரூமப் பாத்துட்டு வந்ததும் அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன்." பிரையனியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் போகல, உங்ககூடவே இருந்துடறேன்னு."

பெலிண்டா ஜெயித்துவிட்டாள். ஜெயித்த கையோடு கிரெய்க்கின் மூக்கிலிருந்த பச்சைப் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கடைசி நிமிடத்தில் செய்கிற மனுஷன், வாழ்க்கையில் இந்த ஒரே ஒரு தடவை முந்திக்கொண்டுவிட்டான்.

போன் அதிர ஆரம்பித்தது. திரையில் 'அப்பா'.

பெலிண்டா கையை நீட்டினாள். "கொடு, நான் பேசறேன். என் தப்புன்னு சொல்லிடறேன்."

"வேணாம்மா. நான்தான் சொன்னேன். நான்தான் சொல்லணும்."

எழுந்து நாலடி தள்ளிப்போய், அலையைப் பார்த்து நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தாள். காற்று எதிர்த்து வீசியதால் அவள் பேசுவதும், போனிலிருந்து கிரெய்க் கத்திப் பேசுவதும் பெஞ்சு வரை கேட்டது.

"அப்பா... ரூம் ரொம்ப நல்லா இருக்குப்பா."

"பிடிச்சிருக்கா கண்ணு? இது பெயின்ட் முதல் கோட்டிங்தான். இங்க காலைலயே வெயிலு, சீக்கிரம் காஞ்சிடுச்சு. ரெண்டாவது கோட்டிங்க இப்பவே அடிச்சிடவா, இல்ல நீ வந்தப்புறம் சேந்து அடிக்கலாமா?"

பிரையனி வாயைத் திறந்தாள். மூடினாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.